கிளட்ச் இல்லாத வெஸ்ட்ரா

ஜனவரி 11, சனி

புது வெஸ்ட்ரா பைக்கை இன்று காட்டிவிட்டார்கள். காலையில் நேரலை. அந்த நேரத்தில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு இருந்தது. கிளட்சை மெதுவாக விடச் சொன்னால் பாம்பை உதறுவதுபோல உதறுகிற ஒரு பல் டாக்டர். மாக்கினாம்பட்டி ரோட்டில் புளியமரத்தடியில் காரை ஓரங்கட்டச் சொல்லி, இரண்டு பேருமாகப் போனில் பார்த்தோம்.

பத்து வருஷமாக நான் ஓட்டுகிற வெஸ்ட்ராவுக்கு ஒரு முகம் இருக்கிறது. வட்ட விளக்கு, மேலே ஒரு கண்ணாடி, பார்த்தால் நம்ம வீட்டு ஆள் மாதிரி. இதற்கு முகமே இல்லை, மூக்கு மட்டும்தான். அதன் பின்னால் காபித் தட்டு அளவுக்கு ஒரு திரை. பேசினால் கேட்குமாம். மழைக்கு ஒரு மோடு, மண்ணுக்கு ஒரு மோடு, ஊருக்கு ஒரு மோடு. கடைசியாக, மேடையில் நின்ற கோட்டுப் போட்ட ஆள் கையைத் தட்டிக்கொண்டு சொன்னான்: கிளட்ச் லீவரே கிடையாது. பட்டனைத் தட்டினால் கியர் மாறும். கிளட்ச் வேலையை வண்டியே பார்த்துக்கொள்ளும்.

பல் டாக்டர், "அட, நல்லா இருக்கே!" என்றார். இவர் வாயைத் திறக்கச் சொல்லி நான் பல்லைப் பிடுங்க வேண்டும்.

எங்கள் ஆனைமலை ரைடர்ஸ் குழுவில் பிலிப் அண்ணன் அதற்குள் ஆரம்பித்துவிட்டார். மகாலிங்கபுரத்தில் டயர் கடை வைத்திருக்கிறார், அறுபது வயது, என்னுடையதைப் போலவே பழைய வெஸ்ட்ரா. "இது அட்வென்ச்சர் வண்டி இல்ல அம்மிணி, அட்வென்ச்சர் பாக்கற டிவி. ரிப்பேர்னா மெக்கானிக்கைக் கூப்புடறதா, கேபிள்காரனைக் கூப்புடறதா?" என்று குரல் செய்தி. மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செல்போன் கடை நஸீர் மட்டும், "ஓட்டிப் பாத்துட்டுப் பேசுங்கண்ணா" என்று போட்டான்.

நானும் ஒரு குரல் செய்தி போட்டேன். "டிரைவிங் ஸ்கூல் நடத்தறவ சொல்றேன், கேட்டுக்கங்க. கிளட்ச்தான் வண்டிக்கும் நமக்கும் இருக்கற பேச்சு வார்த்தை. அதைப் பிடிக்கக் கை வலிக்குதுன்னா பஸ்ல போங்க. ஜன்னலோரம் காத்தும் வரும்."

சாயங்காலத்துக்குள் அது கோவை, ஈரோடு, சேலம் குழுக்கள் வரைக்கும் போய்விட்டதாம்.

ராத்திரிச் சமையலுக்குப் பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் சிவானந்தம் வந்து கத்தியை வாங்கிக்கொண்டு அவரே நறுக்கினார். கணக்கு வாத்தியார். ஆனாலும் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு நீளம்.

ஜனவரி 13, திங்கள்

போகி. நஸீர் குழுவில் ஒரு படம் போட்டிருக்கிறான். குப்பைக் குவியல் எரிகிறது, அதன்மேல் எங்கள் பழைய வெஸ்ட்ராவை வெட்டி ஒட்டியிருக்கிறான். அந்தப் புது மூக்கனை வாங்கப் போகிறானாம்.

சுண்ணாம்பு அடிக்க ஆள் வரவில்லை. வாசலில் வேப்பிலை, பூளைப்பூ வைத்துக் காப்பு சிவானந்தமே கட்டினார்.

ஜனவரி 19, ஞாயிறு

கோவைக்குப் போன வேலை முடிந்து, வழியில் இருந்த ஷோரூமுக்குள் சும்மா நுழைந்தோம். வழியில் என்றால் கொஞ்சம் சுற்றுவழி.

டை கட்டிய பையன் நேராக சிவானந்தத்திடம் போய், "சார், உங்க உயரத்துக்கு சீட் பர்ஃபெக்டா இருக்கும்" என்றான்.

சிவானந்தம், "எனக்குப் பின் சீட்டைக் காட்டுங்க தம்பி. முன்னாடி உக்கார்றது அவங்க" என்றார். அவருக்கு சைக்கிள்கூட ஓட்ட வராது. கல்யாணமான நாளிலிருந்து என் பின்னால்தான் உட்கார்ந்து வருகிறார். லடாக் வரை அப்படியே வந்தவர். பையனுக்கு நம்பிக்கை வரவில்லை. என் பக்கம் திரும்பி, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்க ஆரம்பித்தான்.

திரையிடம் பேசிக் காட்டினான். "வால்பாறைக்கு வழி காட்டு." அது கொஞ்ச நேரம் யோசித்து, பக்கத்துத் தெருவில் இருக்கிற பால் பூத்தைக் காட்டியது. "பால்பாறைன்னு கேட்டிருக்கும் மேடம். போகப் போகப் பழகிக்கும்." யார், நானா அதுவா?

ஏறி உட்கார்ந்தேன். சீட் பலகை. கால் வைக்கும் இடம் அரை அடி பின்னால். இடது கை தன் பாட்டுக்கு லீவரைத் தேடி நாலு விரலையும் நீட்டியது. அங்கே ஒன்றுமில்லை. காற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"டெஸ்ட் ரைடு போறீங்களா மேடம்?"

"நேரமில்லை" என்றேன்.

அப்புறம் ஓட்டலில் உட்கார்ந்து, இரண்டு காபி குடித்து, பக்கத்து மேசைக்காரர்கள் மூன்று தடவை மாறும் வரை ரோட்டை வேடிக்கை பார்த்தோம். சிவானந்தம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதை அவர் ஒரு கலையாகவே பழகி வைத்திருக்கிறார்.

ஜனவரி 23, வியாழன்

கோவை ஆஸ்பத்திரி. எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். நல்லது.

பிறகு பிசியோதெரபி அறை. வைதேகி என்று ஒரு பெண், என் மகள் வயது. டேப் வைத்து இடது கையை அளக்கிறாள், வலது கையை அளக்கிறாள், உதட்டைப் பிதுக்குகிறாள். மார்பில் ஆபரேஷன் செய்தபோது அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள் அல்லவா, அதனால் கையில் நீர் வடிய வழியில்லையாம், வீங்குகிறதாம். ஒன்றரை வருஷமாக இதையே சொல்கிறார்கள். அதற்காகத்தான் இந்தத் தோல் நிற உறை, மணிக்கட்டிலிருந்து தோள் வரை, இறுக்கமாக. வெளியே யாராவது கேட்டால் வெயிலுக்கு என்று சொல்கிறேன். பொள்ளாச்சியில் ஸ்கூட்டி ஓட்டுகிற பெண்கள் எல்லாரும் கைக்கு உறை போடுகிறார்கள். யாரும் இரண்டாவது தடவை கேட்பதில்லை.

"டூ வீலர் ஓட்டறீங்களாம்மா?"

"எப்பவாவது."

"கிளட்ச்?"

"அதெல்லாம் லேசுதான்."

சிவானந்தம் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கையைச் சும்மா வைத்திருக்கச் சொல்லவில்லையாம். வேலை செய்யலாமாம். ஆனால் வெயிலில் ஒரே பிடியைத் திரும்பத் திரும்ப இறுக்கிப் பிடித்தால் வீக்கம் கூடும், விரல் மரத்துப் போகும் என்கிறாள். லடாக்கில் கார்துங் லா கணவாயைப் பார்த்திருக்கிறாளா இந்தப் பெண்?

குழுவில் யாருக்கும் தெரியாது. சிகிச்சை நடந்த ஆறு மாதமும் மகளுக்குப் பிரசவம், மஸ்கட்டில் இருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். இதைப் பற்றி இவ்வளவு போதும்.

ஜனவரி 30, வியாழன்

புது வெஸ்ட்ரா பற்றி யூடியூபில் வந்திருக்கிற விமர்சனம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். மலையாளத்தில் இருப்பதையும். எதிரியைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

நஸீர் வாங்கிவிட்டான். ஆழியாறு ரோட்டு டீக்கடைக்கு எல்லாரையும் வரச் சொல்லியிருந்தான். வண்டிக்கு மாலை, சந்தனம், அவன் அம்மா கட்டிவிட்ட கறுப்புக் கயிறு.

பிலிப் அண்ணன் இரண்டு சுற்று சுற்றி வந்தார். "எல்லாஞ் செரி தம்பி, இதுக்கு ரிமோட்டு எங்க?" என்றார். ஒருவர் திரையில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டார். இன்னொருவர் தன் ஹெல்மெட்டை வண்டி மூக்கில் மாட்டிவிட்டு, "கோட் ஸ்டாண்டு நல்லா இருக்கு" என்றார். நஸீரும் சிரித்துக்கொண்டு ஓட்டிக் காட்டலாம் என்று ஏறினான். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஏதோ புதுப்பித்துக்கொள்கிறதாம், முடியும் வரை ஸ்டார்ட் ஆகாதாம். நாங்கள் இரண்டாவது டீ குடித்தோம். பஜ்ஜி சாப்பிட்டோம். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அட்வென்ச்சராம். யானை துரத்தினால் என்ன செய்வது, 'இரு சாமி, அப்டேட் ஆகுது' என்று சொல்வதா?

ஒருவழியாக அது ஸ்டார்ட் ஆனதும் நஸீர் என்னிடம் வந்தான். "அக்கா, நீங்களாவது ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

"நான் பொம்மை ஓட்டறதில்ல தம்பி."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் முகம் சுருங்கிப்போனது என்று வீட்டுக்கு வந்தபின் சிவானந்தம் சொன்னார். நான் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது மற்றவர்களை முன்னால் போகச் சொன்னேன். போன் வந்தது, ஓரங்கட்டிப் பேச வேண்டியிருந்தது. கோட்டூர் வருவதற்குள் மூன்று தடவை நிறுத்தினேன். மூன்றாவது தடவை சிவானந்தம் பின்னாலிருந்து மெல்லச் சொன்னார், "பிரமி, உன் போன் என் பையில இருக்கு."

பிப்ரவரி 12, புதன்

மெக்கானிக்கிடம் விட்டுக் கிளட்ச் கேபிளை மாற்றினேன். பழைய கேபிள் இறுகிவிட்டது, அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

புதுக் கேபிளும் இறுக்கமாகவே இருக்கிறது என்றேன். அவன் ஒற்றை விரலால் லீவரை இழுத்துக் காட்டி, "வெண்ணெ மாதிரி இருக்குதுங்க்கா" என்றான். இப்போதெல்லாம் நல்ல மெக்கானிக் எங்கே கிடைக்கிறான்.

பிப்ரவரி 17, திங்கள்

நேற்று எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

நேற்று வால்பாறை ரைடு. வழக்கம்போல நான் முன்னால், பின் சீட்டில் சிவானந்தம், எங்களுக்குப் பின்னால் பிலிப் அண்ணன், கடைசியில் மூக்கனோடு நஸீர். இன்னும் சிலர். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டும்போதே வெயில் சுள்ளென்று இருந்தது.

நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் கிளட்சைப் பிடி, கியரைக் குறை, விடு, மறுபடி பிடி. என் கைக்கு அது மனப்பாடம். ஒன்பதாவது வளைவில் எல்லாரும் இறங்கி அணையைப் பார்த்துப் படம் எடுத்தார்கள். நான் கையுறையைக் கழற்றவில்லை. கழற்ற வரவில்லை. விரல்கள் உள்ளே உப்பி உட்கார்ந்துவிட்டன. சுண்டு விரலும் அதற்கடுத்ததும் யாரோடதோ மாதிரி இருந்தன. பிலிப் அண்ணன் நீட்டிய வேர்க்கடலையை வேண்டாம் என்றேன். சிவானந்தம் என் காதருகே, "இங்கிருந்தே திரும்பிடலாமா?" என்றார். "எதுக்கு?" என்றேன்.

இன்னும் சில வளைவுகள் ஏறினோம். ஓர் உள்வளைவில் பாதி திரும்பும்போது ரோட்டின் நடுவில் ஒரு வரையாடு. பெரிய கிடா. அசையாமல் நின்று என்னைப் பார்த்தது. பிரேக் போட்டேன். கிளட்சைப் பிடிக்கச் சொன்னேன் கையிடம். கை பிடிக்கவில்லை. பாதி பிடித்து வழுக்கிவிட்டது. வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. ஏற்றத்தில் கால் ஊன்ற இடமில்லை. இடது பக்கமாக அப்படியே சாய்ந்தோம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சிவானந்தத்தின் கால் வண்டிக்கு அடியில்.

அவர் கத்தவில்லை. "ஆடு போயிடுச்சா?" என்று கேட்டார்.

பிலிப் அண்ணனும் நஸீரும் ஓடி வந்து வண்டியைத் தூக்கினார்கள். கணுக்கால் அதற்குள் வீங்கிவிட்டது. நான் எழுந்து வலது கையாலேயே அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பிலிப் அண்ணன் என் இடது கையைப் பார்த்தார். "கையில அடியா அம்மிணி?" என்று கையுறையை இழுத்தார். இரண்டாவது இழுப்பில் அது வந்தது. என் விரல்களைப் பார்த்தவர் ஜாக்கெட் கையைக் கொஞ்சம் மேலே தள்ளினார். உறை.

"இது என்னது?"

"வெயிலுக்கு" என்றேன்.

அப்போது ரோட்டில் கிடந்தபடியே சிவானந்தம் சொன்னார், வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற குரலில்: "வெயிலுக்கு இல்லண்ணா. அவளுக்குக் கேன்சர் ஆபரேஷன் ஆச்சு. மஸ்கட்டெல்லாம் போகல. அந்தக் கையில ரொம்ப நேரம் கிளட்ச் பிடிக்க முடியாது."

பின்னால் நின்ற பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.

மேலிருந்து ஓர் எஸ்டேட் ஜீப் வந்தது. உள்ளே ஆட்கள் நிறைய. நெருக்கி உட்கார்ந்து, ஒருவர் காலை நீட்டிப் படுக்கும்படி இடம் செய்து கொடுத்தார்கள். அவரை ஏற்றிவிட்டோம். எனக்கு இடமில்லை. நான் என் வண்டிப் பக்கம் போனேன். நஸீர் குறுக்கே வந்து நின்றான். சாவியை நீட்டவில்லை, அந்த வண்டிக்குச் சாவியே கிடையாது. சாவிக்குப் பதிலாகப் பாக்கெட்டில் வைத்திருக்கிற பிளாஸ்டிக் வில்லையை எடுத்து என் ஜாக்கெட்டுக்குள் போட்டான்.

"இதை எடுத்துட்டுப் போங்கக்கா. உங்க வண்டிய நான் கொண்டாறேன். பேசிட்டு நிக்காதீங்க, ஜீப் போகுது."

போனேன்.

அந்த வண்டியைப் பற்றி: சீட் மட்டம். காற்றுத் தடுப்புக் கண்ணாடி என் நெற்றிக்கு நேராகக் காற்றைத் திருப்பிவிடுகிறது. திரை வெயிலில் தெரிவதில்லை. மெதுவாக வளைவில் திரும்பும்போது அதுவாகக் கியரைக் குறைக்கிறது, நான் கேட்காமலேயே, அதிகப்பிரசங்கி. ஒரு வளைவில் "களைப்பாக இருக்கிறீர்களா?" என்று எழுதிக் காட்டியது.

இடது கை ஹேண்டில் மேல் சும்மா இருந்தது. கீழே வந்து சேரும் வரை அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஜீப்பின் பின்பக்கம் திறந்திருந்ததால் சிவானந்தத்தின் வெள்ளைச் சாக்ஸ் கடைசி வரை எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

கணுக்காலில் விரிசல். மாவுக்கட்டு.

பிப்ரவரி 18, செவ்வாய்

கட்டிலில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்துகிறார். பையன்களுக்கு மார்க் தாராளமாக விழுகிறது.

"எதுக்குச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"கால் வலிச்சுது. வாயில வந்துடுச்சு."

"பொய்."

"சரி, பொய்." அடுத்த பேப்பரை எடுத்தார். "உன் பின்னாடி உக்கார எனக்கு என்னைக்குமே பயமில்ல பிரமி. நீ வராத போனை எடுத்துப் பேசறியே, அதுக்குத்தான் பயம்."

நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். அடுப்பில் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 22, சனி

பார்க்க வருகிறவர்கள் கையில் மாதுளை, ஆப்பிள், சாத்துக்குடி, மறுபடி மாதுளை. வாசலில் கடை போடலாம். குழுவில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. காலை வணக்கம், பிள்ளையார் படம், அவ்வளவுதான். எங்கள் குழுவில் பிள்ளையார் படம் போட்டவனை ஒரு காலத்தில் ஒரு வாரம் கேலி பண்ணி ஓட்டுவோம்.

மார்ச் 1, சனி

புது வெஸ்ட்ரா புக் செய்தாயிற்று. பழையதில் ஹேண்டில் வளைந்துவிட்டது, அதுதான் காரணம்.

ஹேண்டிலை அரை மணி நேரத்தில் நிமிர்த்தித் தருவதாக மெக்கானிக் சொன்னான். அவனுக்கென்ன தெரியும்.

மார்ச் 4, செவ்வாய்

நஸீர் கடைக்குப் போனேன், போனுக்கு ஒரு கண்ணாடி ஒட்ட. அவன் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே, "அன்னைக்கு உன் வண்டியைப் பொம்மைன்னு சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"விடுங்கக்கா. அந்த அப்டேட் தொல்லை இன்னும் இருக்கு. நேத்து எங்க மாமனார் வீட்டு வாசல்ல வெச்சே வட்டம் சுத்துச்சு." கண்ணாடியில் ஒரு காற்றுக்குமிழி நின்றது. நகத்தால் தள்ளிக்கொண்டே கேட்டான், "என்ன கலருக்கா எடுத்திருக்கீங்க?"

"காக்கி."

"காக்கியா? போஸ்ட்மேன் மாதிரி இருக்..." என்று ஆரம்பித்தவன் டக்கென்று நிறுத்திவிட்டான். "நல்லா இருக்கும்கா" என்றான்.

மார்ச் 15, சனி

வண்டி வந்தது. படம் போட்டேன்.

"அழகா இருக்குங்க்கா." "வாழ்த்துகள்க்கா." "கலர் சூப்பர்." இதயம், இதயம், கைகூப்பல். ஒரு பொன்மொழி வேறு. பிலிப் அண்ணன் மத்தியானத்துக்கு மேல் ஒரே வரி போட்டார்: "நல்ல வண்டி."

நல்ல வண்டியாம்! சைக்கிள் பம்பைக்கூட நல்லது என்று சொல்லாத மனிதர். இதே வண்டியை நஸீர் வாங்கியபோது ரிமோட் எங்கே என்று கேட்டவர். மூக்கும் மாறவில்லை, திரையும் மாறவில்லை. மாறினது என்ன, அதன்மேல் உட்காருகிறவள்.

நானே ஆரம்பித்து வைக்கலாம் என்று, "மூக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுப் போட்டேன். "ரொம்ப லட்சணமா இருக்குங்க்கா" என்று பதில் வந்தது. போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

கோவை. வைதேகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை வளைவு, எவ்வளவு வெயில், எங்கே விழுந்தோம். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினாள். பிறகு மாடியிலிருந்து இறங்கி வந்து பார்க்கிங்கில் வண்டியைப் பார்த்தாள். ஹேண்டிலை என் தோளுக்குத் தோதாகக் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொன்னாள். போகும்போது, "இவ்வளவு பெரிய வண்டிய வெச்சுக்கிட்டா எப்பவாவதுன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

மார்ச் 24, திங்கள்

பிலிப் அண்ணனின் டயர் கடைக்குப் போனேன். லாரி டயர் ஒன்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

"என் வண்டியப் பத்தி என்ன நினைக்கறீங்க?"

"அதான் சொன்னனே. நல்ல வண்டி."

"அண்ணா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

தலையை வெளியே எடுத்தார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். "எப்படி அம்மிணி கேலி பண்றது? அன்னைக்கு மலையில அந்தக் கையப் பாத்ததுல இருந்து, உன்னையப் பாத்தா எனக்குப் பேச்சே வரமாட்டேங்குது."

"அப்ப நான் செத்துட்டனா?"

"அடச்சீ, என்ன பேச்சு பேசற!"

"ஆபரேஷன் முடிஞ்சு, மருந்து முடிஞ்சு, நான் பாட்டுக்கு எழுந்து வந்துட்டேன். நீங்கதான் எல்லாரும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க."

டயரை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கடைக்கு வந்த லாரி டிரைவர் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். வீடு வரும் வரை அழுகை வரவில்லை, வீட்டிலும் கொஞ்சம்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சிவானந்தத்துக்குக் கட்டுப் பிரித்த பிறகு முதல் ரைடு. உடுமலை வழியாக அமராவதி அணை. பக்கத்தில்தான், மலையில்லை. எனக்காக ரோட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினேன்.

ஊரைத் தாண்டியதும் கண்ணாடியில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. ஹேண்டில் உறுமுகிற மாதிரி அதிர்ந்தது. வண்டியின் பின்பக்கம் ரேடார் இருக்கிறதாம், நெருங்கி வருகிற வண்டியைப் பார்த்து எச்சரிக்குமாம். பின்னால் பார்த்தேன். பிலிப் அண்ணன். எப்போதும் போல என் வலது தோளுக்குப் பின்னால், எட்டிப் பிடிக்கிற தூரத்தில். பல வருஷமாக அவர் இடம் அதுதான். நான் வேகம் எடுத்தால் எடுப்பார், குறைத்தால் குறைப்பார். விளக்கு அணையவே இல்லை. உடுமலை வரை சிவப்பு, உடுமலை தாண்டியும் சிவப்பு. அணைக்கிற பட்டன் எந்த மெனுவுக்குள் இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அணைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கடையில் டீக்கு நிறுத்தினோம். எல்லாரும் மரியாதையாக நின்றார்கள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வேறு எடுத்துப் போட்டான் ஒருவன். நான் உட்காரவில்லை.

"அண்ணா, வழியெல்லாம் என் வண்டி உங்களப் பத்தி ஒண்ணு சொல்லிட்டே வந்துச்சு" என்றேன்.

"என்னவாம்?"

"ஆபத்துன்னு. பின்னாடி ஆபத்து வருதாம். சிவப்பு விளக்கெல்லாம் போட்டுக் காட்டுச்சு."

டீ கிளாஸ் அவர் வாய்க்குப் பாதி வழியில் நின்றது. "யாரு, நானா?"

"நீங்கதான்."

"ஆபத்தா? நானா?" கிளாஸை பெஞ்சில் வைத்தார். "லடாக் போனப்ப சர்ச்சு ஆத்துல உன் வண்டி முழுகிக் கெடந்தப்ப இடுப்பளவு ஐஸ் தண்ணியில எறங்கி இழுத்தவன் நானு. அப்ப எங்க போயிருந்துச்சு இது? இன்னைக்கு வந்த டப்பா, என்னையப் பாத்து ஆபத்துங்குதா?" வண்டியை நோக்கி நடந்தார். "மூஞ்சியப் பாரு, மொறத்துல மூக்கு மொளைச்ச மாதிரி! டேங்கைப் பாரு, தண்ணிக் கேனைக் கவுத்து வெச்சிருக்கான்! கலரு வேற காக்கி. இதைக் கொண்டு போயி போலீஸ் ஸ்டேஷன் முன்னாடி நிறுத்தினா அவனே பிடிச்ச வண்டின்னு நெனச்சு நம்பர் போட்டு வெச்சுக்குவான்!"

நஸீர் வாயில் இருந்த டீயைத் துப்பிவிட்டான். "அண்ணா, பின்னாடி ஒட்டிட்டு வந்தா அது சொல்லத்தான் செய்யும்" என்றான்.

"நீ பேசாத. ஒரு டிவி வாங்குன, இந்தம்மிணியையும் கெடுத்துட்ட. நாளைக்கே இது ரெண்டும் சேந்து, ஓட்டறவங்கதான் ஆபத்துன்னு முடிவு பண்ணி, நம்மள நடு ரோட்டுல எறக்கி விட்டுட்டு..." சட்டென்று நிறுத்தினார். என்னைப் பார்த்தார். கையை அல்ல, முகத்தை. தப்பாகப் பேசிவிட்டோமோ என்ற பயம் அவர் கண்ணில் வந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றேன். "சீட்டைப் பத்தி இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

சிவானந்தம் தன் பங்குக்கு, "பின் சீட்டைப் பத்தி நான் சொல்லலாமா?" என்றார்.

"இருங்க வாத்தியாரே, வரிசையா வர்றேன்" என்று பிலிப் அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். சீட்டுக்கு வந்தார், அது சவப்பெட்டிப் பலகையில் செய்தது என்றார். அங்கிருந்து சைலன்சர், சைலன்சரிலிருந்து அதை வரைந்தவன், அவனைப் பெற்றவர்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வண்டியைச் சுற்றி வந்து சேர்ந்துகொண்டார்கள். எனக்குப் போட்ட நாற்காலியில் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். நஸீர் மட்டும் தனி ஆளாக எதிர்வாதம் செய்துகொண்டிருந்தான். நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்து, உறை போட்ட கையாலேயே துடைத்துக்கொண்டேன்.

ஹெட்லைட்டுக்கு வருவதற்குள் அவர் டீ ஆறிப் போய்விட்டது. சூடாக இன்னொன்று சொன்னேன்.